பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்: புதிது வாங்குமுன் ஒரு நிமிஷம்!

சிதம்பரம் கோவிலுக்குப் போனவர்கள் ரகசியத்தைத் தரிசித்திருப்பார்கள். தீட்சிதர் திரையை விலக்குவார். உள்ளே உருவம் எதுவும் இராது. தங்க வில்வ மாலை மட்டும் தொங்கும். அதுதான் சிதம்பர ரகசியம்!

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு திரை உண்டு. அந்தத் திரைக்குப் பின்னாலும் ஒரு ரகசியம் இருக்கிறது. அதன் பெயர் ஆபரேட்டிங் சிஸ்டம். அது கைக்கு அகப்படாது. ஆனால் யந்திரம் ஓடுவதும் படுப்பதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

இந்த விஷயம் தெரியாததால் எத்தனையோ வீடுகளில் நல்ல கம்ப்யூட்டர்கள் பரண் ஏறிவிட்டன. "பழசாகிப் போச்சு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பழசானது யந்திரமா, அல்லது அதற்குள் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டமா என்று யாரும் விசாரிப்பதில்லை.

அம்மாவின் சங்கிலி

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஊர் கடலூர். வீடு மஞ்சக்குப்பத்தில். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். மகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் படிக்கிறாள். தினமும் காலையில் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறிச் சிதம்பரம் போய், இருட்டுவதற்குள் திரும்புகிறவள்.

கல்லூரியில் கட்டுரைகளை டைப் செய்து கொடுக்கச் சொல்கிறார்கள். செல்போனில் எத்தனை பக்கம்தான் டைப் செய்ய முடியும்?

"புதுசு வாங்கினால் முப்பதாயிரத்துக்குக் குறையாதாம் அப்பா" என்கிறாள் மகள்.

அப்பா பேசவில்லை. அம்மாவின் கை கழுத்துக்குப் போகிறது. "என் சங்கிலி இருக்கிறதே. நாலு மாசத்தில் மீட்டுக்கொள்ளலாம்" என்கிறாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்திலிருந்து மாமா வந்திருக்கிறார். அம்மாவின் தம்பி.

"கொஞ்சம் பொறு அக்கா. நான் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த லேப்டாப் இந்த வீட்டுப் பரணில்தானே கிடக்கிறது? அதை இறக்கிப் பார்ப்போம்."

"அதுவா? அதைப் போட்டால் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் திறக்காதே மாமா!" என்று மகள் சிரிக்கிறாள்.

லேப்டாப் இறங்குகிறது. கூடவே பன்னிரண்டு வருஷத் தூசும் இறங்குகிறது.

இரண்டு கதவுகள்

அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந்தேதி, அண்ணா பிறந்த நாளன்று, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. எல்காட் நிறுவனம் மூலம் கொள்முதல் நடந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

மாமாவின் லேப்டாப் 2012-ஆம் ஆண்டினது. பொத்தானை அழுத்தியதும் திரையில் இரண்டு பெயர்கள் தோன்றுகின்றன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ்.

"ரொம்ப நாள் இதைத்தான் வைத்திருந்தேன். அந்த இரண்டாவது பெயரை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை" என்று மாமா ஒப்புக்கொள்கிறார். மாமா மட்டுமா? அவரோடு படித்த பலரும் அப்படித்தான்.

முதல் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மைக்ரோசாப்ட் நிறுவனம் சிறிய, மலிவான கம்ப்யூட்டர்களுக்கென்று வெளியிட்ட எளிய பதிப்பு அது. கட்டுப்பாடுகள் பல. 2 ஜிபி-க்கு மேல் ரேம் போட்டாலும் ஏற்காது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது!

அதற்கு முன்பு வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் இன்னும் கெடுபிடியானது. ஒரே சமயத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்க விடாது. ஆக, ஏழை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலேசான பதிப்பு என்றால், அன்று அதற்கு அர்த்தம் கையைக் கட்டிக் கொடுப்பது என்பதுதான்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பராமரிப்பு 2020 ஜனவரி 14-ந்தேதியோடு நின்றுவிட்டது. குரோம் பிரவுசரும் 2023-ல் அதைக் கைவிட்டது. ஆகவே அந்தக் கதவு வழியாக இன்று இன்டர்நெட்டுக்குப் போவது, பூட்டில்லாத வீட்டில் நகையை வைத்துவிட்டு ஊருக்குப் போவதற்கு ஒப்பாகும்.

பாஸ் என்பது என்ன?

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வேலை செய்ய வசதி கொண்டது.

அதன் பூர்வீகம் லினக்ஸ். 1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவர் தொடங்கிய வேலை அது. அவர் அதைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று திறந்துவிட்டார். 1993-ல் டெபியன் என்ற கிளை தோன்றியது. டெபியனிலிருந்து உபுண்டு, உபுண்டுவிலிருந்து மின்ட், டெபியனிலிருந்தே நம் பாஸ்! ஆலமரம் விழுது விடுவதைப் போல அந்தக் குடும்பம் இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறது.

இது நம் பக்கத்துக்குப் புதியதும் அல்ல. கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்கள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு பதிப்பைத் தயாரித்து வழங்குகிறது.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். மாமாவின் லேப்டாப்பில் உள்ள பாஸும் 2012-ஆம் ஆண்டுச் சரக்குதான். அதை அப்படியே உபயோகிப்பதும் தவறு. லினக்ஸ் என்றாலும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். காலாவதியான மருந்தை எந்தக் கம்பெனி தயாரித்தால் என்ன?

ஏன் ஊர்ந்து போகிறது?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதன் காரணம் சுலபமாகப் புரியக்கூடியதே.

ரேம் என்பது படிக்கும் மேஜை. ஹார்டு டிஸ்க் என்பது அலமாரி. மேஜையில் விரித்து வைத்த புத்தகத்தை உடனே படிக்கலாம். மேஜை நிறைந்துவிட்டால் என்ன செய்வோம்? ஒரு புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, இன்னொன்றைக் கொண்டு வருவோம். திரும்ப அது வேண்டுமென்றால் மறுபடியும் நடக்க வேண்டும். இந்த நடையில்தான் நேரம் போகிறது.

விண்டோஸ் 10 சும்மா இருக்கும்போதே 2 ஜிபி மேஜையில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். மாணவி உட்கார இடம் ஏது? இலேசான லினக்ஸ் பதிப்புகளோ சாதாரணமாக 1 ஜிபி-க்குள் அடங்கிவிடும். மீதி மேஜை வேலைக்குக் கிடைக்கும்.

இலேசு என்றால் இங்கே கையைக் கட்டுவது அல்ல. ஜன்னல்கள் பளபளப்பாக விரிவது, நிழல் விழுவது போன்ற அலங்காரங்களைக் குறைத்திருப்பார்கள். வேலை செய்யும் சக்தியில் குறைவு இராது. எக்ஸ்எப்சிஇ, எல்எக்ஸ்கியூடி என்ற பெயர்களைக் கண்டால் அவை இலேசான பதிப்புகள் என்று அறியலாம்.

உடம்புக்கு ஏற்ற சட்டை

எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் ரேம் எவ்வளவு என்று பாருங்கள். விண்டோஸில் 'கம்ப்யூட்டர்' என்ற படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் எழுதியிருக்கும்.

1 ஜிபி அல்லது அதற்கும் குறைவு: ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் போன்ற மிக இலேசான பதிப்புகள் ஓடும். டைப் செய்யலாம், பாட்டுக் கேட்கலாம். இன்டர்நெட்டில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

2 ஜிபி: லுபுண்டு, அல்லது எல்எக்ஸ்கியூடி சேர்ந்த டெபியன் பொருந்தும். ஒரு சமயத்தில் இரண்டொரு இன்டர்நெட் பக்கங்களோடு நிறுத்திக்கொண்டால் நிம்மதியாக வேலை நடக்கும்.

4 ஜிபி: லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஇ பதிப்பு நல்லது. விண்டோஸில் பழகியவர்களுக்கு இடது மூலையில் அதே மாதிரி மெனு இருக்கும். கூச்சம் வராது. இன்டர்நெட் ஒன்றே போதும் என்பவர்களுக்கு கூகுள் நிறுவனம் தரும் குரோம் ஓஎஸ் பிளெக்ஸும் உண்டு.

8 ஜிபி-யும் புதிய சிப்பும்: விண்டோஸ் 11-லேயே இருக்கலாம். ஆனால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு யந்திரத்தில் இருக்க வேண்டும். பழைய யந்திரங்கள் பலவற்றில் அது இல்லை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. அதன் வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ந்தேதி முடிந்தது. பெயர் பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அது தவணை மட்டுமே.

லினக்ஸுக்கும் ஆயுள் கணக்கு உண்டு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். லுபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு மூன்று ஆண்டுகள்தான். எடுக்கும்போதே ஆயுளைப் பார்த்து எடுப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு நுணுக்கம். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் பதிப்பாக மட்டுமே வந்தது. ஆகவே, "என் கம்ப்யூட்டர் 32 பிட்" என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது விண்டோஸின் சமாசாரம். உள்ளே இருக்கும் சிப் 64 பிட்டாக இருக்கலாம். சிப்பின் பெயரைப் பார்த்து அதன் கம்பெனிப் பக்கத்தில் சரிபார்ப்பது அவசியம். 32 பிட் சிப்புகளைப் பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் கைவிட்டுவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ 32 பிட் கம்ப்யூட்டரில் புதிதாக ஏற்ற முடியாது.

தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

புடவைக் கடையில் விரித்துக் காட்டச் சொல்லி, தோளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே எடுக்கிறோம்? லினக்ஸிலும் அந்தச் சௌகரியம் உண்டு. இதைப் பலர் அறியார்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அந்தந்தப் பதிப்பின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி, பென்டிரைவில் ஏற்ற வேண்டும். லேப்டாப்பைப் போடும்போது எஃப்2, எஃப்12 போன்ற ஒரு விசையை அழுத்தி, பென்டிரைவிலிருந்து கிளம்பச் சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்கில் ஓர் எழுத்துக்கூட மாறாமல், புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் திரையில் வந்து நிற்கும்!

அப்போது ஐந்து விஷயங்களைப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா? ஒலி வருகிறதா? கேமரா வேலை செய்கிறதா? பிரிண்டர் அசைகிறதா? மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? ஐந்தும் சரி என்றால் மேலே போகலாம். இல்லையென்றால் பென்டிரைவை உருவிவிட்டு வேறு பதிப்பைச் சோதிக்கலாம். பென்டிரைவிலிருந்து ஓடும்போது சற்று மந்தமாகத்தான் இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

புயலுக்கு முன் மூட்டை கட்டுங்கள்

நிரந்தரமாக ஏற்றும்போது ஹார்டு டிஸ்க் துடைக்கப்படலாம். அதில் உள்ள கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் அடி, மார்க்குப் பட்டியல் எல்லாம் போய்விடும்.

2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் கடலூர்க்காரர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் பத்திரங்களை மூட்டை கட்டி உயரத்தில் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? இங்கேயும் அதே புத்திதான். எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும். பாதி வேலையில் கரண்டு போனால் ஆபத்து. ஆகவே கரண்டு நிற்காத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

மற்றொரு எச்சரிக்கை. விண்டோஸையே இளைக்க வைத்து, "இலேசான விண்டோஸ், இலவசம்" என்று முகம் தெரியாத யாரோ இன்டர்நெட்டில் போட்டிருப்பார்கள். அவற்றைத் தொடாதீர்கள். எதை எடுத்தார்கள், எதை உள்ளே வைத்தார்கள் என்பது செய்தவருக்கே வெளிச்சம். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் வழியையே அடைத்திருக்கக்கூடும். பாங்குக் கணக்கைத் திறக்கும் யந்திரத்தில் அந்த விளையாட்டு கூடாது.

யாருக்கு ஆகாது?

எல்லோரும் லினக்ஸுக்கு மாறிவிட வேண்டும் என்பதில்லை.

அப்பாவின் ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். அங்கே கணக்கெல்லாம் டேலியில். அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. அந்தக் கடைக் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. ஆட்டோகேட், போட்டோஷாப் ஆகியவற்றில் பிழைப்பு நடத்துகிறவர்களும் விண்டோஸில் இருப்பதே நல்லது. ஆன்லைன் பரீட்சைக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. மகளின் கல்லூரியில் என்ன கேட்கிறார்கள் என்பதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

வேலை முதலில், யந்திரம் பிறகு. இந்த வரிசை மாறினால் பணம்தான் வீண்.

கட்டுரை எழுதுவதற்கு லிப்ரேஆபீஸ் இலவசம். 1999-ல் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கும். தமிழிலேயே பாடம் படிக்க விரும்புவோருக்குக் கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் கட்டுரைகளும் இலவசப் புத்தகங்களும் தருகிறது. பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் உபயோகிப்போர் குழு ஒன்று இயங்குகிறது. 1993 வரை கடலூரும் விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம் அல்லவா? பழைய உறவு விட்டுப்போகாது!

மகள் கேட்ட கேள்வி

மஞ்சக்குப்பத்து வீட்டுக்குத் திரும்புவோம். மாமா பென்டிரைவிலிருந்து லுபுண்டுவை ஓட்டிக் காட்டுகிறார். வைஃபை கிடைக்கிறது. மகள் ஒரு பக்கம் தமிழில் டைப் செய்து பார்க்கிறாள். முகம் மலர்கிறது. பிறகு ஒரே சமயத்தில் பத்து இன்டர்நெட் பக்கங்களைத் திறக்கிறாள். லேப்டாப் மூச்சு வாங்குகிறது!

"இலேசான பதிப்பு என்றீர்களே மாமா?"

"வண்டி இலேசுதான் அம்மா. நீ ஏற்றிய மூட்டை இலேசா?"

இதுதான் கடைசி உண்மை. ஆபரேட்டிங் சிஸ்டத்தை இளைக்க வைக்கலாம். இன்றைய இன்டர்நெட் பக்கங்களை நம்மால் இளைக்க வைக்க முடியாது. ஆகவே மாமா இரண்டு காரியம் செய்யச் சொல்கிறார். லேப்டாப் ஏற்குமானால் ரேமை 4 ஜிபி ஆக்குவது ஒன்று. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது மற்றொன்று. அலமாரியை மேஜைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பது போல அது. இரண்டுக்கும் சேர்த்துச் செலவு உண்டு. ஆனால் புதிய லேப்டாப்பின் விலையில் அது ஒரு சிறு பங்கே. அப்படிச் செய்தால் மின்ட்டே போட்டுக்கொள்ளலாம்.

அப்பா மனக்கணக்குப் போடுகிறார். "ரெண்டு வருஷம் ஓடுமா?" என்று கேட்கிறார்.

"இவள் டிகிரி முடிக்கும்வரை ஓட வேண்டும் என்பதுதான் என் எண்ணம் அத்தான். சத்தியம் செய்ய மாட்டேன். பழைய யந்திரம். நடுவில் ஏதாவது பழுதானால் அப்போது புதிது வாங்கலாம். அதுவரைக்கும் சேர்த்து வையுங்கள்" என்கிறார் மாமா.

அம்மாவின் கை சங்கிலியிலிருந்து இறங்குகிறது.

வாசகர்களே! இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் புறப்படுமுன் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பரணைப் பாருங்கள். அங்கே ஒரு லேப்டாப் படுத்திருந்தால், அதன் திரையை விலக்கி, ரேம் எத்தனை என்று மட்டும் கேளுங்கள். மற்ற ரகசியங்கள் தாமாகவே வெளிவரும்.